ஏழுமலைக்கு நான் சொல்லாத சாட்சி

ஏழுமலை இறந்த செய்தி நம் ஐ.டி.ஐ. வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் வேலை முடிந்து ஆலை வாசலில் பேருந்துக்கு நின்றிருந்தேன். வெள்ளிமலையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பத்தே நிமிடத்தில் ‘மாமனிதர்’, ‘நேர்மையின் சிகரம்’ என்று வரிசையாகப் போட்டீர்கள். இருபது வருடமாக அவனைக் ‘கஞ்சா ஏழுமலை’ என்று கூப்பிட்டவர்கள் நாம்தானே, நண்பர்களே?

அந்தப் பெயரின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். சின்னசேலத்தில் படித்தபோது அவனோடு மலையேறிப் போய் நானும் கஞ்சா அடித்தேன். ஒருநாள் சாமைக் கொல்லை ஓரம் கையிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்தான். “போதும்டா. கை நடுங்குது. கரண்டு வேலைக்குப் போற கையி இது” என்றான். நானும் போட்டு மிதித்தேன். அதற்குப் பிறகு இருவரும் தொடவில்லை.

நான்கு வருடம் கழித்து, மத்திய அரசின் படைத்தளவாட ஆலையில் இருவருமே எலக்ட்ரீஷியன் வேலைக்குத் தேர்வானோம். பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் போதைப் பழக்கம் எப்போதாவது இருந்ததா என்று ஒரு கேள்வி. நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அவன் ‘இருந்தது, விட்டு நான்கு வருடமாகிறது’ என்று எழுதினான்.

“லூசாடா நீ? யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

“நாளைக்கு எவனாவது இத வெச்சி மெரட்டுனா இன்னாடா பண்ணுவ? சொல்லிட்டா மெரட்ட ஒண்ணும் இல்ல. உன் பேர எழுதல, பயப்படாத.”

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். என்னைத் தனியாக அழைத்தார்.

“ஏழுமலை உண்மைய எழுதியிருக்காரு. விட்டுட்டாருன்னு கூட இருந்தவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும், சிபாரிசு பண்ணிடுவேன். உங்களுக்கு அவரு நல்லா பழக்கமா?”

“ஒரே வகுப்புங்க சார், அவ்ளோதான்” என்றேன்.

எனக்கு வேலை வந்தது. அவன் மலைப்பாதையில் ஜீப் ஓட்டப் போனான். அவனைப் பைத்தியக்காரன் என்று நீங்கள் சிரித்தபோதெல்லாம், சீ, நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில வருடம் முன்பு குடும்பத்தோடு அவன் ஜீப்பில் ஏறினேன். “ரெண்டு பேருக்கும் ரொம்ப நாள் பழக்கமாங்க?” என்று என் மனைவி கேட்டாள். வளைவில் கண் வைத்தபடியே, “ஒரே வகுப்புங்க, அவ்ளோதான்” என்றான். அன்று நான் சொன்னதை அதிகாரி அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

என்னையும் நாலு வார்த்தை எழுதச் சொல்கிறீர்கள். அவனைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. அவனுக்குச் சேர வேண்டிய ஒன்று மட்டும் இத்தனை வருடமாக என்னிடமே இருக்கிறது. அன்று கேட்ட அதிகாரி இப்போது எங்கே இருக்கிறாரோ, ஆனாலும் எழுதிக் கொடுக்கிறேன்: ஏழுமலை விட்டுவிட்டான் ஐயா. எனக்குத் தெரியும். நான் கூட இருந்தேன்.