மூடியில்லாத கணினி

லப்டொப் செத்த அன்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். கிளிநொச்சியில் செயலகத்துக்குப் போகும் வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி எடுப்பேன், மனு அடித்துக் கொடுப்பேன். லப்டொப் இல்லாவிட்டால் கடையே இல்லை. மகள் தன்னுடைய டேப்லட்டையும் ஒரு சின்ன விசைப்பலகையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பழைய கோப்புகளையும் அதற்கு மாற்றித் தந்தாள்.

"அம்மா, இதிலயும் எல்லாம் செய்யலாம்."

படம் பார்க்கிற சாமானில் மனு அடிப்பதா என்று எரிந்து விழுந்தேன். மூன்றே நாளில் வாயை மூடிக்கொண்டேன். கரண்ட் போனால் பழைய லப்டொப் உடனே அணைந்துவிடும், இதில் வேலை நிற்கவில்லை. அடையாள அட்டையை அதாலேயே படம் பிடித்து மனுவோடு சேர்க்க முடிந்தது.

அந்தக் கிழமைதான் ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். முறிகண்டிப் பக்கம் அரை ஏக்கர் காணி. அப்பா காலத்திலிருந்து இருக்கிறார்கள், அனுமதிப்பத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. முன்பு கொடுத்த மனு, விபரம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருந்தது. மறுநாள் செயலகத்தில் காணிக் கச்சேரி. அந்த விசாரணையைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வழக்கம்போல ஒரு பழைய மனுவைத் திறந்து பெயரையும் விலாசத்தையும் மாற்றினேன். இதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. லப்டொப்பில் அடித்த காலத்தில் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகுதான். டேப்லட்டுக்குத் தாங்கி இல்லை, மேசையில் படுக்க வைத்துத்தான் அடித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். பிறகு கேட்காமலே அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் விரலால் எழுத்தைப் பெரிதாக்கி, உதடு அசைய வாசித்தார்.

"தங்கச்சி, அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து குடியேறினவர் எண்டு கிடக்கு. அவர் மலையகத்தில தேயிலைத் தோட்டத்தில இருந்தெல்லோ வந்தவர்."

அது பழைய மனுக்காரரின் வரி. மாற்ற மறந்திருந்தேன். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். தோட்டத்து ஆட்கள் என்றால் இங்கே சிலருக்கு இளக்காரம்; குரலைத் தாழ்த்திச் சொன்னார். திருத்தும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"முதல் மனு எங்கை அக்கா அடிச்சனீங்கள்?"

"இஞ்சதான். உங்களிட்டைத்தான்."

எத்தனையோ பேருக்கு அடித்ததில் முகம் நினைவில்லை. பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். அதே வரி, அதே யாழ்ப்பாணம். மூடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மனம் கேட்கவில்லை. டேப்லட்டை நானே அவர் பக்கம் திருப்பினேன்.

"போன முறையும் நான்தான் அக்கா பிழை விட்டனான்."

வாசித்தார். புது மனுவை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பின்னேரம் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டினம். அனுமதிப்பத்திரத்துக்குப் பேர் எழுதியாச்சு."

அப்பாடா என்று கதிரையில் இருந்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"தோட்டத்து ஆக்கள் எண்டபடியாத்தான் மனுவைத் திருப்பினவை எண்டு ரெண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருந்தனான். பிழை உங்களிட்டை எண்டு தெரிஞ்சாப்பிறகுதான் தங்கச்சி, நேற்று நிம்மதியா நித்திரை கொண்டனான்."