நாற்காலிக்குப் போன குரல்

அன்றைக்குக் கொட்டகையின் பெண்கள் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கொட்டகை முதலாளி, படம் ஓட்டும் ஆபரேட்டரான என் தாய்மாமா, தோல் மண்டிக்காரர் வீட்டு அம்மா, சுண்ணாம்புக் குழியில் தோல் அலசும் ஒரு தாய், டிக்கெட் கிழிக்கும் நான். ஆம்பூருக்குப் பேசும் படம் வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. பிற்பாடு மாமா, தான் அந்த வாசல் பக்கமே வரவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வந்தார். உதவிக்காரனை மிஷினிடம் நிறுத்திவிட்டு, பீடியும் கையுமாகக் கதவோரம் நின்றார். அந்தப் புகை என் முகத்தில்தான் அடித்தது.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மாமா தயவில் கிடைத்த வேலை அது. ரீல் பற்றிக்கொண்டால் பெண்கள் எந்த வழியாக ஓடுவார்கள், சில்லறை குறைந்தால் யார் கேட்பார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அதோடு அருவருப்பும் சேர்ந்துகொள்ளும். தூணெல்லாம் வெற்றிலை எச்சில். தட்டிக்குப் பின்னால் மூத்திரக் குட்டை. முதலாளி பல்லைக் குத்திய குச்சியை வேட்டியில் துடைத்து மறுபடியும் வாயில் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான், தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

பட்டணத்துத் தியேட்டர் ஒன்று கழித்துப் போட்ட சத்தக் கருவியை அவர் மலிவாக வாங்கியிருந்தார். அதோடு ஒரு தகரப் பெட்டி வந்தது, உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள். படத்திலிருந்து வரும் சத்தம் மொத்தமாக அதற்குள் போகும், இரண்டாகப் பிரிந்து வெளியே வரும். மத்தளம், இடி, தேர்ச் சக்கரம் போன்ற கனத்த சத்தம் ஒரு கம்பியில். சலங்கை, குழல், குழந்தைக் குரல், பேச்சை வார்த்தை வார்த்தையாக விளங்க வைக்கும் அந்தக் கூர்மை, எல்லாம் இன்னொரு கம்பியில். கனத்தது ஒரு பெரிய மரப்பெட்டிக்குப் போகும், மெல்லியது ஒரு தகரக் குழாய்க்கு. பெட்டியும் குழாயும் திரைக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், பிரிந்த சத்தம் நம் காதில் மறுபடியும் ஒன்றாகிவிடும். செய்தவன் அதற்காகத்தான் செய்திருப்பான்.

ஆனால் மண்டிக்காரர்கள் முதலாளியிடம் குறைபட்டுக்கொண்டார்கள். "கம்மிக் காசு குடுக்கறவன் முன்னால மண்ணுல குந்திகினு தெளிவா கேக்கறான். ஜாஸ்திக் காசு குடுத்து நாற்காலில உக்கார்ற நாங்க, இன்னா சொன்னான் இன்னா சொன்னான்னு பக்கத்தாளக் கேக்கணுமா?"

மறுநாளே மாமா குழாயைக் கழற்றினார். தரை முடிந்து நாற்காலி தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் நாற்காலிகளைப் பார்த்தபடி கட்டினார். குழாய்ச் சத்தம் டார்ச்சு வெளிச்சம் மாதிரி, திருப்பின பக்கம்தான் போகும். மரப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, வார்த்தையெல்லாம் நாற்காலிக்கு, வெறும் உறுமல் தரைக்கு.

"எவ்ளோ சுத்தமா பிரிச்சிகிறேன் பாத்தியா?" என்று என்னிடமே பெருமையடித்தார்.

தரையில் இருந்தவர்கள் கூச்சல் போடவில்லை. பேசும் படம் என்றால் இப்படித்தான் உறுமும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. சுண்ணாம்புக் குழித் தாயின் மகனை ஒரு நாடகக் கம்பெனி கூட்டிப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை திரும்பி வரவேயில்லை. இந்தப் படத்தில் அவன் ராஜாவின் முன்னால் நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடுகிறான். அந்தம்மா முதல் நாளே தரை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"பாப்பா, எம் புள்ளைக்குத் தொண்டை கட்டிப்போச்சா? வாய் ஆடுது, மத்தளம் கேக்குது. பாட்டு எங்க?"

நான் மாமாவிடம் ஓடினேன். "அந்தப் பாட்டு வர்றப்ப மட்டும் குழாயை இந்தப் பக்கம் திருப்பு மாமா. பெத்தவ கேக்கறா."

"ஒரு பாட்டுக்காக நான் கம்பத்துல ஏறணுமா? பேஜார் பண்ணாத போ. வேணும்னா நாற்காலி டிக்கெட் வாங்கச் சொல்லு."

வெற்றிலையை விட்டு, மேஸ்திரியிடம் கைமாற்றும் வாங்கி, படம் மாறுகிற கடைசி நாளில் அவள் நாற்காலிக்குக் காசு கொண்டுவந்தாள். குளித்து, தலையில் எண்ணெய் வைத்திருந்தாள். கையின் சுண்ணாம்புப் புண் மட்டும் மறையவில்லை. முதலாளி காசைக் கையில் வாங்கவில்லை. வாசற்படியில் வைக்கச் சொல்லி, சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, அவரே குனிந்து பொறுக்கிக்கொண்டார். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் உள்ளே கால் வைத்ததும் மண்டிக்காரர் வீட்டு அம்மா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இவ உக்காந்தா நான் பூட்றேன். நாத்தம் தாங்கல."

"யம்மா, உங்க வீட்டுத் தோலுதான் நான் அலசறேன்," என்றாள் அந்தத் தாய்.

மாமா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "தரைக்குப் போ. இல்லன்னா வெளிய நில்லு."

"தரையில பாட்டு வர்லயே சாமி. ஓரமா நிக்கறேன், அந்தக் கம்பத்தாண்ட. பாட்டு முடிஞ்சதும் பூட்றேன்."

அவர் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். பேச்சு வளர்ந்தது. தட்டியைத் தாண்டி எங்களுக்குக் கேட்டதெல்லாம் மத்தளம்தான். கனத்த சத்தம் எந்தத் தட்டியையும் தாண்டிவிடும், குரல் தாண்டாது. திடீரென்று மத்தளம் நின்றது. நாற்காலிப் பக்கம் கைதட்டல். யாரோ "சபாஷ்" என்றார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

"என் காசையாவது குடு சாமி," என்றாள்.

"கிழிச்ச டிக்கெட்டுக்குக் காசு வராது."

மாமா பீடியைக் காலால் தேய்த்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை வண்டியில் படப்பெட்டி திருப்பத்தூருக்குப் போனது. ஷாப்பில் லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று அவள் அங்கே போய்ப் பார்க்கவில்லை. அந்தப் படம் எங்கள் ஊருக்கு மறுபடியும் வரவில்லை. அவள் செத்துப்போகும்வரை என்னைப் பார்க்கிற போதெல்லாம் ஒன்றுதான் கேட்பாள்: "நீ உள்ளாண்ட இருந்தவளாச்சே, எப்படிப் பாடினான்?" நன்றாகப் பாடினான் என்பேன். எப்படி நன்றாக என்று கேட்பாள். குரலை எந்த வார்த்தையால் சொல்வது?

இப்போது வீட்டுக்கு வீடு ரேடியோ. மாமா கிழவராகி, இந்த ஜில்லாவிலேயே சத்தத்தை முதன்முதலில் பிரித்தவன் நான்தான் என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். முதலாளிக்குப் பிறகு கொட்டகை மகன் கைக்கு வந்தது. ஒருநாள் மனசு கேட்காமல் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் அப்பா காலத்துக் கணக்கு," என்று சிரித்து எழுந்துபோனார், அப்பாவைப் போலவே பல்லைக் குத்திக்கொண்டு. அந்தக் கொட்டகை அவளுக்குத் தர வேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது: ஆறணா.