கலியமூர்த்தி கழுவாத கண்ணாடி

"கலியமூர்த்தி போய்ட்டாரு" என்று சென்ற செவ்வாய்க்கிழமை கடலூர் துறைமுகத்துக்குச் செய்தி வந்தபோது, வங்கக்கடல் ஒரு நிமிடம் அலையடிக்காமல் நின்றது. நம்பாதவர்கள் என் படகைக் கேளுங்கள்.

அவர் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். பாக்டீரியா எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை அவரைப்போல் உற்றுப் பார்த்தவர் ஈரேழு உலகிலும் கிடையாது.

2007இல் கண்ணாடித் துண்டுகளைக் கயிற்றில் கட்டி என் படகோரம் கடலுக்குள் தொங்கவிட்டார். பத்து நாளில் அவற்றின் மேல் வழவழவென்று ஒரு படலம். அழுக்காயிருக்கிறதே என்று நான் நாலு கண்ணாடிகளைத் தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்து வைத்தேன்.

"இன்னா மாமா! பத்து நாள் வேலைய கழுவி ஊத்திட்டீங்களே!"

"பளபளன்னு கீது பாரு மச்சான்."

"உங்க கண்ணுக்கு."

கோபத்தோடு எடுத்துப்போனவர், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டு வந்தார். படலத்தின் மாடிகள்தாம் போயிருந்தன, கண்ணாடியோடு ஒட்டிய அஸ்திவாரம் அப்படியே இருந்ததாம். "பாக்டீரியா மொதல்ல சும்மா வந்து ஒரசும் மாமா. அப்புறம் மயிரிழையாட்டம் நீட்டிப் புடிச்சுக்கும். சர்க்கரைப் பசைய கக்கி வூடு கட்டும்" என்றார். ஆனால், என் நாருக்கும் அசையாமல் பிடித்திருந்தது எது? ஒரு வருடம் தேடினார். டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை ஊற்றியதும் அஸ்திவாரம் கழன்றது. "செத்தது வுட்டுட்டுப் போன டி.என்.ஏ. நூலுதான் மாமா, உசுரோட இருக்கறத கட்டி வச்சிருக்குது."

அதைக் கட்டுரையாக்கியவர் துறைத்தலைவர். மேலே அவர் பெயர் மட்டும். அடியில், பொடி எழுத்தில், "கண்ணாடிகளைக் கழுவித் தந்த கலியமூர்த்திக்கு நன்றி." கழுவியவன் நானய்யா!

"பேரு கேட்டேன் மாமா. 'அட்டெண்டருக்கு எதுக்குய்யா பேரு'ன்னுட்டாரு" என்றார். அன்று என் வீட்டில் அவர் சாப்பிடவில்லை. சாகும்வரை பழிவாங்கத் தெரியாத மனிதர். எனக்கு அந்தக் குறை கிடையாது.

வரும் ஞாயிறு கல்லூரியில் இரங்கல் கூட்டம். தலைமை, அதே துறைத்தலைவர். மச்சானுடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய சோதனை நோட்டு. அந்த ஒரு வருடம் அன்றன்று செய்ததெல்லாம் அவர் கையெழுத்தில்; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "பார்த்தேன்" என்று துறைத்தலைவர் பச்சை மையில் போட்ட ஒப்பம். இருநூறு நகல் எடுத்துவிட்டேன். கலியமூர்த்தியை அறிந்தவர்களே, தவறாமல் வாருங்கள். வாசலில் நானே நின்று கொடுப்பேன். தலைவர் பேச எழும்போது, எல்லோர் மடியிலும் அது விரிந்திருக்க வேண்டும்.