காசிம் மச்சானின் அலுமாரியும் காந்தப் பசையும்

அலுமாரிக் கதவைக் காந்தம் வைத்து ஒட்டலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

சிரிப்பீர்கள். நல்லது. ஆனால் சொல்பவன் கொழும்பில் இருந்துவிட்டு வந்தவன் என்றால்...? சிரிப்பை விழுங்கிவிட்டு அவனுக்கு ஒரு தேத்தண்ணீர் சொல்வீர்கள். நம்மவர்களை எனக்குத் தெரியாதா!

போன மாதம் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், காசிம் வீட்டில் இதுதான் நடந்தது. காசிம் மச்சானுக்கு வீடு கல்முனைக் கடற்கரையோரம், வயல் சவளக்கடையில். ஒரே மகள் மைமூன். அவளுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வாத்தியார்.

நம் பக்கத்தில் பெண்ணோடு வீடும் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே பெண் பார்க்க வருகிறார்கள் என்பது சும்மா பேச்சுக்கு. வருவது வீடு பார்க்க. சுவரைத் தட்டுவார்கள். முகட்டை அண்ணாந்து பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்து உதட்டைச் சுழிப்பார்கள். மைமூனுக்கு முதலில் வந்த சம்பந்தம் அந்தத் தண்ணீரால்தான் போயிற்று. உவர் என்றார்கள், எழும்பினார்கள், நடந்தார்கள். கடற்கரையில் கிணறு வெட்டினால் பன்னீரா ஊறும்?

அதன் பிறகு அந்தப் பிள்ளை ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி வாசல் தாண்ட மாட்டேன் என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள்.

காசிம் மச்சானுக்கும் அது தெரியும். ஆனால் அவர் செய்தது என்ன? தண்ணீரின் குறையை மறைக்க ஓர் அலுமாரி வாங்கினார்! கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அறை வாசலால் உள்ளே போகாத பெரிய அலுமாரி. நடு மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வந்த குலுக்கலில் ஒரு கதவின் அடிச்சட்டம் மூட்டு விட்டிருந்தது. மரவேலை ஓடாவி வந்து பார்த்தார். "இந்த மாரியில பசை காயாது காக்கா, மழை விடட்டும்" என்று போய்விட்டார். மழை எப்படி விடும்? மாப்பிள்ளையின் உம்மாவோ வெள்ளிக்கிழமை வருகிறார்.

அப்போதுதான் றஸ்ஸாக் உள்ளே நுழைந்தான்.

றஸ்ஸாக் கல்முனைக் கடைத்தெருவில் றேடியோ திருத்துகிறவன். அவன் கைபட்ட றேடியோ பிறகு வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு வேர்க்ஷொப்பில் சில காலம் நின்றான் — நின்றான் என்றால், வாசலில் நின்றானோ என்னவோ. அவனுடைய ஆஸ்தி, செத்துப்போன ஒரு லவுட்ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். சிரட்டையைக் கவிழ்த்த அளவு இருக்கும்.

"காக்கா, பசை ஏன் பிந்திக் காயுது தெரியுமா? அதுக்குள்ள இரிக்கிற துகளெல்லாம் கண்டபாட்டுக்குக் கிடக்குது. காந்தத்த வெச்சா எல்லாம் வரிசையில வந்து நிக்கும். உடன இறுகிரும். காந்தத்தத் திருப்பி வெச்சா மெதுவா இறுகும். எல்லாம் நம்மட கையில."

"பசையில ஏதுடா இரும்பு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே இரும்புத்தூள் கலக்கிற!"

சொன்னதோடு விடவில்லை. ஒரு சோசரில் பசையை ஊற்றி, கொல்லன் பட்டறைத் தூளைக் குழைத்து, அடியில் காந்தத்தைப் பிடித்தான். பசை மயிர்க்கூச்செறிந்து எழும்பி நின்றது! காந்தத்தை இழுத்த பக்கமெல்லாம் அதுவும் ஊர்ந்தது. காசிம் மச்சான் "மாஷா அல்லாஹ்" என்றார். என் மனைவியும் சொன்னாள். பசை நடக்கிறது, சரி. ஒட்டுமா? அதை என்னைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட என்னை மூன்று பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாணத்தைக் குழப்ப வந்தவன் நான்தான் என்பது போல.

சட்டத்தைச் செருகி, மூட்டில் பசை தடவி, கதவின் உட்பக்கம் சட்டத்தோடு காந்தத்தை அப்பி, மேலே அலுமாரியின் நிறத்திலேயே கபிலப் பெயின்ற் பூசினான் றஸ்ஸாக். "வெள்ளிக்கிழமை முடியுமட்டும் இத அசைக்கப்படாது. உள்ளுக்கு வேல நடக்குது" என்று உத்தரவும் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா வந்தார். கனத்த மனுசி. முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். இடுப்பில் வீட்டுச் சாவியெல்லாம் கோத்துக் கட்டிய ஒரு பெரிய திறப்புக் கொத்து. ஆண்கள் நாங்கள், றஸ்ஸாக்கும் சேர்த்து, விறாந்தையில் இருந்தோம். வாசல் திறந்திருந்ததால் மண்டபம் முழுதும் தெரிந்தது.

சுவரைத் தட்டினார். முகட்டைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். உதட்டைச் சுழித்தார்.

காசிம் மச்சானின் முகம் செத்துவிட்டது.

"இந்த அலுமாரியையும் பாருங்களன் மச்சி" என்று என் மனைவி அவசரமாக இழுத்துப் போனாள். அவர் கதவைத் திறந்து, அடித்தட்டைப் பார்க்கக் குனிந்தார். டக்கென்று ஒரு சத்தம். திறப்புக் கொத்து காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அல்லாஹ்வே, ஆரு என்னப் பிடிக்கிற?"

பயந்து ஒரே எட்டாகப் பின்னால் பாய்ந்தார். கதவு பாயவில்லை. சட்டம் பாய்ந்தது! இடுப்புத் திறப்பில் காந்தம் தொங்க, காந்தத்தில் ஒரு முழச் சட்டம் தொங்க, மண்டபத்தின் நடுவில் அந்த அம்மா நின்ற நிலை... திரைக்குப் பின்னால் மைமூன் விம்மியது விறாந்தைக்கே கேட்டது.

நான் உள்ளே போய்க் கதவின் மூட்டைப் பார்த்தேன். அங்கே பசை இல்லை. துடைத்துவிட்டது போல் கிடந்தது. இரும்புத்தூள் அவ்வளவும் பசையை இழுத்துக்கொண்டு காந்தத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த அலுமாரியில் காந்தப் பசை ஒழுங்காக இறுகிய ஒரே இடம், காந்தமும் சட்டமும் தொட்ட இடம்தான்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் உம்மா சட்டத்தைப் பார்க்கவில்லை. காந்தத்தையே உற்றுப் பார்த்தார். திறப்பை இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார், விட்டார்.

"இதென்ன சாமான் இது?"

"காந்தம் மாமி" என்றான் றஸ்ஸாக். அவன் கால் ஏற்கெனவே படியில் இருந்தது, ஓடுவதற்கு.

"முழங்கால் வலிக்கு இது நல்லமாமே. ஆரோ சொன்னாங்க."

படியில் வைத்த காலை றஸ்ஸாக் திரும்ப எடுத்தான்.

"ஓம் மாமி! ரத்தத்திலயும் இரும்பு இரிக்கிதானே. காந்தத்தக் கட்டினா எல்லாம் வரிசையில வந்து நிக்கும். வலி தன்னால போயிரும்."

அதே வரிசை! பசைக்குச் சொன்ன அதே பாடம். ஓர் எழுத்து மாற்றவில்லை, வெட்கங்கெட்டவன். ஸ்க்ரூட்ரைவர் வைத்து நெம்பிக் காந்தத்தைக் கழற்றி, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அவர் அதை அங்கேயே முழங்காலில் கட்டிக்கொண்டு, முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார்.

"குறையிற மாதிரித்தான் இரிக்கி" என்றார்.

நாள் வைத்துவிட்டுப் போனார். தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சில்லை. மைமூனின் முகத்தில் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்ய? உவர்த் தண்ணீர் என்ற உண்மை அவளுடைய ஒரு கல்யாணத்தைக் குலைத்தது. காந்தம் என்ற பொய் இன்னொன்றை முடித்துவைத்திருக்கிறது. இதில் புத்தி சொல்ல நான் யார்?

சட்டத்துக்கு நானே ஆணி அடித்தேன். அது நிற்கிறது. அதைப் பார்த்து ஒருவரும் "மாஷா அல்லாஹ்" சொல்லவில்லை.

றஸ்ஸாக் றேடியோத் தொழிலைக் கைவிட்டுவிட்டான். இப்போது அக்கரைப்பற்றில் முழங்கால் பார்க்கிறான். வாசலில் சனமாம்.

நேற்று இராச் சாப்பாட்டின்போது என் மனைவி — சோசரையும் பார்த்தவள், சட்டத்தையும் பார்த்தவள் — மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்களன்... முதுகுக்கு."