புள்ளி இல்லாத பல்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஜெகதீஷோடு நடப்பது பெரிய சோதனை. எல்லோரும் பள்ளத்தைப் பார்த்து நடக்கிற ரோட்டில் அவன் போர்டுகளைப் பார்த்து நடப்பான். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிய சுவருக்கு முன்னால் ஆற அமர நின்று, "அந்த ழி-யோட வளைவைப் பாரேன்!" என்று உருகுவான். ஊருக்கே அந்தச் சுவரை அடையாளம் காட்டுகிற வாடை அவன் மூக்கில் மட்டும் ஏறாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிசைனர் வேலை. ஊறுகாய் பாக்கெட்டில் 'காரம் அதிகம்' என்பதை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று முடிவெடுக்க வேண்டும். அதையும் மேனேஜரே எடுத்துவிடுவார். ஆகவே இவனுடைய கலை மொத்தமும் தெருவுக்கு வந்துவிட்டது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனின் மஞ்சள் பலகையை ரசித்துக்கொண்டு நின்று, ஏற வேண்டிய ரயிலை விட்டிருக்கிறான். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியபோது, மண்டப வாசலில் பூவால் எழுதிய தன் பெயரில் 'ஷ்' சரியில்லை என்று பூக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்டவனிடம்தான் மனைவி மதிவதனி ஒரு போர்டு கேட்டாள்.

அவள் பல் டாக்டர். பூந்தமல்லியில் ஒரு பெரிய டாக்டரிடம் வேலை பார்த்து, பல்லை இவள் பிடுங்க, பேரை அவர் வாங்க, அலுத்துப்போய் வெளியே வந்து தனியாகக் கிளினிக் போட்டாள். "தை பிறக்கறதுக்குள்ள நீயே திரும்பி வந்துடுவேம்மா. உன் வெள்ளைக் கோட்டு ஆணியிலயே தொங்கட்டும்" என்று வாழ்த்தி அனுப்பினார் பெரிய டாக்டர். அந்தக் கோட்டை மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது. அவளுடைய வைராக்கியம் அவ்வளவுதான்.

கேட்டது சாதாரணப் போர்டு. 'மதிவதனி பல் மருத்துவமனை', பக்கத்தில் சிரிக்கிற பல் படம். படம் என்றதும் ஜெகதீஷுக்கு முகம் சுண்டிவிட்டது. "எழுத்துக்குத் துணை எதுக்கு?" என்றான். ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தான். கறுப்பு அக்ரிலிக்கில் எழுத்துகள் உண்மையிலேயே அழகாக வந்தன. புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டான்.

"ஓலைச்சுவடியில புள்ளியே கிடையாது மதி. கோட்டோட ஓட்டத்தை அது கெடுக்குது. படிக்கிறவங்க மனசுல வெச்சுப்பாங்க."

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டார்கள். அக்ரிலிக் கிழியாது. இதை அவனுக்கு யார் சொல்வது? கடை திறக்கிற அவசரத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

கரையான்சாவடி மனசில் புள்ளி வைக்கவில்லை. 'மருததுவமனை'யைப் பெரிய மனது பண்ணிச் சரியாகப் படித்தது. 'பல'வை உள்ளது உள்ளபடி படித்தது. பல மருத்துவமனை. பலதும் பார்க்கிற இடம்.

முதலில் வந்த ஞானம்மாள் பல் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டார். "லைட்ட இன்னும் கொஞ்சம் கீழ எறக்கும்மா. முட்டியில படட்டும்."

ஆட்டோ ஓட்டுகிற நாகப்பன் தன் பங்குக்குச் சவாரியாகக் கொண்டுவந்து இறக்கினார். "எறங்கு நைனா, இங்க அல்லாத்துக்கும் பாக்கறாங்கோ." காதடைப்பு வந்தது, சிறுநீரகக் கல் வந்தது, பேதியான குழந்தை வந்து வாசலிலேயே நிரூபித்தும் காட்டியது.

"கூட்டத்தைப் பாத்தியா? நல்ல எழுத்து ஜனங்களை இழுக்கும்" என்றான் ஜெகதீஷ்.

"பல்வலியோட ஒருத்தரையாவது இழுக்கச் சொல்லு."

வந்தவர்களை எல்லாம் அவள் வேறு டாக்டர்களிடம் அனுப்ப, வேறு பேச்சு கிளம்பியது. டீக்கடையில் நாகப்பன் சொன்னது கிளினிக் வரைக்கும் கேட்டது. "இன்னா டாக்டரு மாமே அது? காலுன்னா தெர்லன்றாங்கோ, காதுன்னா தெர்லன்றாங்கோ. நெசமாவே படிச்சிகினுதான் வந்தாங்களா?"

பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் பூந்தமல்லிக்குப் போனார்கள். அங்கே பெரிய டாக்டரின் போர்டில் கண்ணும் கையும் வைத்த பல் ஒன்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்ததும் அவர் அக்கறையாகப் போன் பண்ணினார். "கோட்டைத் துவைச்சு வெச்சிருக்கேம்மா."

அன்றைக்கு இரவு சாப்பாட்டில் கை வைக்காமல் மதிவதனி சொன்னாள். "ஒரே ஒரு புள்ளி ஜெகா. ல மேல."

"ஒண்ணுக்கு வெச்சா எல்லாத்துக்கும் வெக்கணும். சீர் போயிடும்."

"என் பொழப்பு போகுதே?"

"கொஞ்ச நாள் பொறு. கண்ணு பழகிடும்."

"கண்ணு வலின்னும் ரெண்டு பேர் வந்தாச்சு."

மறுநாள் சாயங்காலம் ஹார்டுவேர் கடையில் ஏணி கேட்டு வாங்கினாள். தண்ணீர் கேனின் நீல மூடியை எடுத்தாள். உடைந்த பல்லுக்கு கேப் மாட்டுகிற சிமெண்டைக் குழைத்து, ஏறி, 'ல' தலையில் மூடியை வைத்து அழுத்தினாள்.

ஆபீசிலிருந்து வந்த ஜெகதீஷ் வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து நின்றான். "மதி! கறுப்பு எழுத்துக்கு நீலப் புள்ளியா? அதுவும் கோணலா?"

"இறுகிட்டிருக்கு. பேசாதே."

கன்னம் வீங்கி, தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடந்து வந்தார். அண்ணாந்து, வாய் திறக்காமலே எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏணிமேல் நிற்கிற வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இங்க பல்லா பாக்கறீங்கோ? கால் டாக்டர்னாங்களே?"

"பல்லு மட்டும்தான்!" மதிவதனி போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பியது. "உள்ள போய் உக்காருங்கண்ணா, இதோ வந்துட்டேன். ஜெகா, அந்தப் புள்ளியை அப்புறம் பாரு. முதல்ல ஏணியைப் புடி."