பாணுக்கு வைக்கிற போலெக்

இதை உங்கள் அக்கா உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டாள். அதனால் அப்பா நானே எழுதுகிறேன்.

நொர்வேயில் நாங்கள் இருந்த மோர்டென்ஸ்ருட் வீட்டின் முன்பக்கம் அப்போது எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பழுதான குளிர்சாதனப்பெட்டி, கால் உடைந்த சோபா, மூன்று மெத்தைகள். புதிதாக வருகிற ஆருக்காவது உதவும் என்று சேர்த்து, நீலப் படங்கு போட்டு மூடியிருந்தேன். ஒருவரும் கேட்டு வரவில்லை. மழையில் ஊறி நாறியது. எலியும் வந்தது.

ஒருநாள் தபாலில் ஒரு கடிதம். மேலே தடித்த எழுத்தில் 'போலெக்' என்று இருந்தது. நொர்வேஜிய மொழியில் எனக்குத் தெரிந்த போலெக், காலையில் உங்கள் பாணுக்கு நடுவில் வைக்கிற சீஸும் ஜாமும்தான்.

"ஜாம் விக்கிறாங்கள் போல," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அதைக் குப்பைக் கடதாசி வாளிக்குள் போட்டேன். அவளும் சிரித்தாள்.

இரண்டாவது கடிதத்தில் நகரசபையின் சின்னத்தைக் கண்டேன். அப்போது விளங்கியிருக்க வேண்டும். வாசிக்கப் பயந்து அதையும் வாளிக்குள் போட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் நகரசபையில் இருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். அக்காவுக்கு அப்போது பத்து வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"போலெக் எண்டால் கட்டளை எண்டும் கருத்தாம், அப்பா. குப்பையை எடுக்கச் சொல்லி ரெண்டு கடிதம் போட்டவையாம். கிடைச்சதோ எண்டு கேக்கிறா."

"கிடைக்கேல்லை எண்டு சொல்லு."

"நீங்கள்தானே அப்பா வாளிக்குள்ளை…"

"சொல்லு எண்டனான்."

சொன்னாள். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண் அவளை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது கடிதத்தை என் கையில் தந்தார். இரண்டு கிழமைக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் நகரசபையே வந்து ஏற்றும்.

அந்தச் சனிக்கிழமையே இழுவைவண்டி ஒன்று எடுத்து, எல்லாவற்றையும் கழிவு நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தப் பெண் பார்க்க வந்தபோது, "கடிதம் வந்தது. நான் எறிந்தேன்," என்று எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அக்கா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இப்போதும் எனக்குத் தபால் வந்தால் அவள்தான் கொண்டுவந்து தருவாள். நான் உறையைக் கிழிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள்.