ஆடியோ கட்டத்தில் டிக் இல்லை

எங்கள் ஸ்டூடியோவில் எடிட்டிங் பார்க்கிற அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் தொண்ணூற்றொன்பது. வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும்போது தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் வந்து முரண்டு பிடித்து நிற்குமே, அதைப் பார்த்துக்கொண்டே இந்த மனுஷரின் பாதி ஆயுசு போயிருக்கிறது. பதினேழு வருஷமாக அதே நாற்காலி. அதன் ஒரு கை உடைந்து டேப் சுற்றியிருக்கிறது. "கொஞ்சம் எந்திரிச்சு நடங்கண்ணே" என்றால், "நான் நடந்தா வேலை நிக்கும்மா" என்பார்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு. போனில் அனுப்பச் சின்னதாக வேண்டும், பெரிய டிவியிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். அவர் வாதாட மாட்டார். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு செட்டிங்கைச் சேமித்து வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் தட்டுவார். ஹார்ட் டிஸ்க்கோ எப்போதும் நிரம்பி வழியும். புதுசு கேட்டுக் கேட்டு முதலாளியிடம் எனக்கே வாய் வலித்துவிட்டது. அதனால் எக்ஸ்போர்ட் முடிந்ததும் முதல் பத்து நொடி, கடைசிப் பத்து நொடி ஓட்டிப் பார்ப்பார். உடனே கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவை அழித்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்கார அக்கா ஒருத்தி வந்தாள். மறுநாள் ஆபரேஷன், குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். மகளுக்கு மூன்று வயது. அவளுக்காகக் கேமராவைப் பார்த்து நாற்பது நிமிஷம் பேசினாள். ஊசியில் நூல் கோப்பதில் தொடங்கி, கல்யாணம் கில்யாணம் என்று யாராவது அவசரப்படுத்தினால் என்ன பதில் சொல்வது என்பது வரைக்கும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். படம் பிடித்தது நான்.

அன்று காலையிலிருந்து தொண்ணூற்றொன்பது ஒரு துணிக்கடைக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தார். வாசல் டிவியில் ஓடுவதற்கு, சத்தம் வேண்டாம். ஆடியோ கட்டத்தில் டிக்கை எடுத்திருந்தார். அக்காவின் வீடியோவையும் அதே செட்டிங்கில் தட்டிவிட்டார். முதலையும் கடைசியையும் பார்த்தார், படம் அருமையாக இருந்தது. ஹெட்போன் கழுத்திலேயே கிடந்தது. மூலப் பதிவை அழித்துவிட்டார்.

ஆறாம் நாள் அக்காவின் கணவர் வந்தார். "நீங்க குடுத்த படம் ஓடுதுங்க, வாய் அசையுது, சத்தம்தான் வரல. எங்க டிவியில கோளாறா?"

தொண்ணூற்றொன்பது ஃபைலைத் திறந்தார். "டிவி நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. ஆடியோவுக்கு டிக் போடல."

"அதுக்கென்ன, இப்பப் போட்டுக் குடுங்க."

மூலப் பதிவு போய்விட்டதை நான்தான் சொன்னேன். வந்த கோபத்துக்கு அண்ணனை அந்த நாற்காலியோடு தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். ஆனால் கேமரா கார்டை அடுத்த வேலைக்காகக் காலி செய்தவள் நான். அழித்ததை மீட்கும் சாஃப்ட்வேரையும் அண்ணன் ஓட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் துணிக்கடை விளம்பரங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

கணவர் சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவ இப்ப எல்லாத்தையும் எழுதித்தான் காட்டுறா. பாப்பாவுக்கு இன்னும் படிக்கத் தெரியாது."

சட்டென்று தொண்ணூற்றொன்பது என்னைப் பார்த்தார். "டெஸ்ட் எடுத்தியே?"

படம் பிடிக்கும் முன்னால் மைக் சரியாக இருக்கிறதா என்று ஒரு சின்னப் பதிவு எடுத்து அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்புவேன். அந்த ஃபோல்டரை யாரும் சுத்தம் செய்வதே இல்லை. தேடினோம். இருந்தது, இருபத்து மூன்று நொடி.

சேமித்து வைத்த எந்த செட்டிங்கையும் அவர் தொடவில்லை. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தார். ஆடியோவுக்கு டிக் போட்டார். ஃபைலைக் கொஞ்சமும் சுருக்க வேண்டாம் என்று வைத்தார். பின்னால் இரையும் ஃபேனைக்கூட நீக்கவில்லை. "அதை எடுத்தா குரலும் கொஞ்சம் தேயும்மா" என்றார். ஹெட்போனை மாட்டி முழுசாக மூன்று தடவை கேட்டார். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் என் குரல். "ஏதாவது பேசுங்கக்கா. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டிதான். பாப்பா பாதி கடிச்சிட்டு மீதியை என் வாயில திணிச்சிட்டா. ஏண்டி, அம்மா வயிறு என்ன குப்பைத்தொட்டியான்னு கேட்டேன், அதுக்கு ஒரு சிரிப்பு... ம், போதுமா? கேக்குதா?"

"கேக்குது" என்றார் கணவர், ஸ்பீக்கரைப் பார்த்து.